ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அவசரப்படாதீங்க!

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், 'ஆட்டோ டிரைவர் மகள் சாதனை', 'இட்லிக் கடைக்காரம்மா மகள் பள்ளியில் முதலிடம்' என்று சென்னை மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளின் போட்டோ பேப்பரில் வந்துவிடுகிறது. பார்க்கிற நமக்கும் நம் வீட்டுப் பிள்ளை ஜெயித்த மாதிரி மனசு குளிர்ந்து போகிறது. கடைசி வருஷம் அந்தப் பெண் ராத்திரி பகலாகப் படித்ததைத்தான் எல்லோரும் பேசுகிறோம். எனக்கென்னவோ, அந்த வெற்றியில் பாதி ஏழு வருஷம் முன்னாடியே முடிவாகிவிட்டது என்று படுகிறது. ஆறாம் வகுப்புக்குப் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று அவங்க அம்மா எடுத்த முடிவைச் சொல்கிறேன்.

ஏன் என்றால், கடந்த சில வருஷங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வந்த பெரிய சலுகைகள் எல்லாமே ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கெடுக்கின்றன.

முதலில் டாக்டர் படிப்பு. 'நீட்' வந்த பிறகு அரசுப் பள்ளியில் படித்து அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2020-ல் தமிழக அரசு அவர்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு என்று சட்டம் போட்டது. அந்த வருஷமே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டும் சேர்த்து 405 இடங்கள் கிடைத்தன. 2021-ல் இன்ஜினீயரிங், விவசாயம், கால்நடை மருத்துவம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதே 7.5 சதவீதம் வந்தது. கல்லூரிக் கட்டணத்தையும் அரசே கட்டுவதாக அறிவித்தார்கள். மருத்துவ ஒதுக்கீடு செல்லும் என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மாநகராட்சிப் பள்ளியும் இதில் அரசுப் பள்ளிதான்.

அடுத்து 'புதுமைப் பெண்' திட்டம். 1989-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் தொடங்கிய திருமண உதவித் திட்டம் நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2022 செப்டம்பரில் அதையே படிப்பு உதவியாக மாற்றினார்கள். கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் படிப்பு முடிகிற வரை மாசம் 1000 ரூபாய் பெண்ணின் பேரிலேயே பாங்கிக்கு வரும் என்பது ஏற்பாடு. கல்யாணத்துக்கு இருந்த உதவி போச்சே என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், கல்யாணத்துக்குக் கொடுக்கிற பணத்தைவிட படிப்புக்குக் கொடுக்கிற பணம் அந்தப் பெண்ணின் கையில் ரொம்ப நாள் நிற்கும்.

இந்த இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. நடுவில் ஒரு வருஷம் தனியார் பள்ளிக்குப் போனாலும் சங்கிலி அறுந்துவிடும். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிக்கு 7.5 சதவீதம் கிடையாது. ஆனால் அங்கே தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் புதுமைப் பெண் உதவி உண்டு என்று 2024 டிசம்பரில் விரிவுபடுத்தினார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண். ஐந்தாவது வரை கார்ப்பரேஷன் ஸ்கூல். 'இங்கிலீஷ் நல்லா வரும்' என்று நகையை அடகு வைத்து ஆறாவது, ஏழாவது இரண்டு வருஷம் தனியார் பள்ளி. ஃபீஸ் கட்ட முடியாமல் எட்டாவதில் திரும்பவும் அரசுப் பள்ளி. பிளஸ் டூவில் நல்ல மார்க். ஆனால் கவுன்சிலிங்கில் ஒதுக்கீடு இல்லை, மாசம் 1000 ரூபாயும் இல்லை. அந்தத் தாயை என்ன சொல்வது? அவளுக்கு இதை யார் எடுத்துச் சொன்னார்கள்?

சென்னையில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். காரணத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம். புறநகர்ப் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்ட பிறகு மாநகராட்சியிடம் 417 பள்ளிகள். அதில் தொடக்கப்பள்ளி 206, நடுநிலைப்பள்ளி 130, உயர்நிலைப்பள்ளி 46, மேல்நிலைப்பள்ளி வெறும் 35. அதாவது பாதிப் பள்ளிகள் ஐந்தாவதோடு முடிந்துவிடுகின்றன. எப்படியும் வேறு பள்ளி தேடித்தான் ஆகணும். மெயின் ரோட்டைத் தாண்டி, பஸ் ஏறி, வயசுக்கு வரப்போகிற பெண்ணை அனுப்பணும் என்றால் எந்தத் தாய்க்கும் பயம் வரும். அந்த நேரம் பார்த்து வேன் வசதியோடு ஒரு தனியார் பள்ளி நோட்டீஸ் கொடுத்தால், கடன் வாங்கியாவது சேர்த்துவிடுகிறாள்.

சாப்பாட்டையும் பாருங்க. 1920-லேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் காலத்தில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்ட ஊர் இது. 2022-ல் காலை உணவுத் திட்டமும் வந்தது. வேலைக்கு ஓடுகிற தாய்மாருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அது ஒன்று முதல் ஐந்து வரைக்கும் என்றுதான் தொடங்கியது. ஆறாவதுக்குப் போகிற பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு நின்றது, பள்ளியும் தூரமானது. சலுகைக்கான கணக்கு ஆரம்பிக்கிற அதே வகுப்பில் பிடிமானம் எல்லாம் கை நழுவுகிறது. இதுதான் என் ஆதங்கம்.

அரசுப் பள்ளியில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2025 பிளஸ் டூ தேர்வில் மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம், அரசுப் பள்ளிகள் மட்டும் 91.94. வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. அதே தேர்வில் பெண்கள் 96.70, பையன்கள் 93.16. நம் பெண்கள் எங்கே படித்தாலும் படிப்பார்கள் சகோதரிகளே, பாதியில் நிறுத்தாமலும், பள்ளி மாற்றி மாற்றி அலைக்கழிக்காமலும் இருந்தால் போதும்.

வசதியிருந்து தனியார் பள்ளிதான் என்று முடிவெடுத்தால் அது அவரவர் விருப்பம். ஆனால் தெரிந்து எடுக்கணும், தெரியாமல் இழக்கக் கூடாது. அதற்கு எனக்குத் தோன்றுகிற யோசனைகள்:

ஐந்தாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்பே பள்ளியில் தாய்மாரைக் கூப்பிட்டு இந்த விஷயத்தைச் சொல்லி, ஒரு தாளில் அச்சடித்தும் கொடுக்கணும். டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாமல், எந்தப் பள்ளியில் ஆறாவது சேரலாம் என்று அந்தத் தலைமையாசிரியரே வழிகாட்டணும். தூரமான பள்ளிக்குப் போகிற பெண்களுக்குப் பள்ளி நேரத்தில் பஸ்ஸும், பள்ளியில் சுத்தமான கழிப்பறையும் வேணும்.

இதை யார் கேட்பது? நாம்தான். 2009 கட்டாயக் கல்விச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்கணும். அழைப்பு வந்தால் 'சமையல் வேலை கிடக்கு' என்று தட்டிக் கழிக்காதீங்க. ஒரு மணி நேரம் போய் உட்கார்ந்து வாய் திறந்து கேளுங்க. அப்புறம், பள்ளி மாறும்போதெல்லாம் பிள்ளை அங்கே படித்ததற்கான சான்றிதழை வாங்கி ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்துங்க. கவுன்சிலிங் நேரத்தில் அந்த ஒரு தாளுக்காக அலைய வேண்டியிருக்காது.

உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவுக்கு, மாடி வீட்டில் குடியிருக்கிறவருக்கு, ஐந்தாவது படிக்கிற பிள்ளை இருந்தால் இன்றைக்கே இதைச் சொல்லிவிடுங்கள்.

- ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை