சோழவரத்து ஞாயிற்றுக்கிழமைகள்

மோட்டார் பந்தயம் என்றதும் நம்மவர்களில் பலருக்கு மகாராஜாக்களின் ஞாபகமும் மில் முதலாளிகளின் ஞாபகமுந்தான் வரும். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. சோழவரத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில் கோண்டால் சமஸ்தானத்து ராஜகுமாரர் அங்கே வந்து வண்டி ஓட்டினார். பிற்காலத்தில் ஸ்ரீ விஜய் மல்லையா, உலகப் பந்தயங்களுக்கென்றே செய்த என்ஸைன் என்னும் ஃபார்முலா வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டினார். ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். பத்திரிகைகளில் வந்த படங்களும் அந்த வண்டிகளின் படங்களே.

ஆனால் அதே மைதானத்தில், இந்தப் பெரிய வண்டிகள் வெளிக் கிளம்புவதற்கு முன்னால், வேறொரு ரக வண்டிகளும் ஓடின. வெள்ளிக்கிழமை வரையில் ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்கும் போய்க்கொண்டிருந்து, சனிக்கிழமை ஸீட்டுகளைக் கழற்றி, கதவில் வெள்ளை வர்ணத்தால் ஓர் எண்ணை எழுதிக்கொண்டு வந்த குடும்ப வண்டிகள் அவை. அவற்றில் ஒன்று எங்களுடையது. அதை ஓட்டியவர் என் தகப்பனார்.

சோழவரம் சென்னைக்கு வடக்கே, கல்கத்தா ரஸ்தாவில், செங்குன்றத்தைத் தாண்டி இருக்கிறது. ஏரிக்குப் பெயர்போன ஊர். இரண்டாவது மகாயுத்தத்தின்போது வெள்ளைக்காரர்கள் அங்கே ஒரு விமானத் தளம் அமைத்தார்கள். யுத்தம் முடிந்தது, விமானங்கள் போயின, ஓடுபாதை மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது. 1953-ல் ஏற்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அந்தப் பாதையைப் பந்தயத்துக்குப் பயன்படுத்தினார்கள். அந்நியன் தன் சண்டைக்காகப் போட்ட பாதையில் நம் நாட்டுப் பிள்ளைகள் முப்பது வருஷங்களுக்கு மேல் விளையாடினார்கள் என்று எண்ணும்போது எனக்கு ஒரு தனித் திருப்தி உண்டாகிறது.

என் தகப்பனார் ராஜகுமாரரும் அல்ல, முதலாளியும் அல்ல. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வை உத்தியோகம். சொந்தத்தில் இருந்தது ஒரே ஒரு பழைய பியட் 1100. அதுவும் இரண்டாவது கையாக வாங்கியது. புதிய வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்கவேண்டிய காலம் அது. பம்பாயில் பிரிமியர் கம்பெனியார் செய்த அந்த வண்டியின் என்ஜின் 1089 ஸி.ஸி. அளவுள்ளது, சுமார் 40 குதிரைச் சக்தி. இன்றைக்குக் கல்லூரிப் பையன்கள் ஓட்டும் சில மோட்டார் ஸைக்கிள்களுக்கே அதற்கு மேல் சக்தி இருக்கிறது. கியர் மாற்றும் கம்பி ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட வண்டியைப் பந்தயத்தில் ஓட்டுவதென்றால், கோயில் மாட்டை ஜல்லிக்கட்டில் இறக்குவது போலத்தான்.

அதற்கு அவர் செய்த தந்திரங்களில் முக்கியமானது, என்ஜினின் மேல் மூடியாகிய ஹெட்டைச் சீவுவது. அடிப்பக்கத்தை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இழைத்தெடுத்தால், பெட்ரோல் ஆவியும் காற்றும் இன்னும் இறுக்கமாக அமுக்கப்பட்டு வெடிக்கும், சக்தி கூடும். ஆனால் அளவு மீறிச் சீவினாலோ, தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேருவதற்கு முன்பே கலவை தானாக வெடித்து, என்ஜின் 'கட கட'வென்று தட்ட ஆரம்பிக்கும். கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். அக்காலத்துப் பெட்ரோலில் அந்தத் தட்டல் சுலபமாக வந்துவிடும். ஆகையால் அவர் இரண்டு ஹெட்டுகள் வைத்திருந்தார். ஒன்று வீட்டு ஹெட், மற்றொன்று பந்தய ஹெட். பந்தய ஹெட் வருஷத்தில் பதினோரு மாதம் பழைய வேஷ்டியில் சுற்றப்பட்டு, கட்டிலுக்கடியில் கொலுப் பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் உறங்கும். ஆயுத பூஜையன்று மட்டும் வெளியே வந்து சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொள்ளும். 'அதை மிதிக்காதே' என்று எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட பொருள்கள் இரண்டு: ஒன்று புஸ்தகம், மற்றொன்று அந்த ஹெட்.

மாசி பிறக்கும் சமயத்தில் என்ஜினை இறக்குவார்கள். புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய சாமான் கடைகளில் பொறுக்கி வந்த கார்புரேட்டரும், யாரோ ஒருவர் கழித்துப் போட்ட வால்வு ஸ்பிரிங்குகளும் கூடத்தில் பத்திரிகைக் காகிதத்தின்மேல் வரிசையாக இருக்கும். நான் அவற்றை மண்ணெண்ணெயில் கழுவுவேன். எனக்கு அப்போது ஏழு வயது. நகக் கண்ணில் கருப்புப் படிந்த கையோடு பள்ளிக்குப் போய், தமிழ் ஐயாவிடம் பிரம்படி வாங்கியதும் உண்டு. 'பிஸ்டன் கழுவினேன், ஐயா' என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். வெளிநாட்டு வண்டிகளும் சாமான்களும் நம் தேசத்துக்குள் வருவது அரிதாயிருந்த அந்தக் காலத்தைக் குறைகூறிப் பேசுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் கிடைக்காத சாமானை நாமே செய்துகொள்ளலாம் என்ற துணிவு நம் பட்டறைகளில் அப்போது வளர்ந்தது. கோயமுத்தூர் ஸ்ரீ கரிவர்தன், மாருதி வண்டியின் 796 ஸி.ஸி. மூன்று ஸிலிண்டர் என்ஜினை வைத்து ஒற்றை ஆள் உட்காரும் பந்தய வண்டியை இங்கேயே உருவாக்கினார். 1988-ல் வந்த அந்த 'ஃபார்முலா மாருதி' எத்தனையோ இளைஞர்களுக்குத் தொட்டிலாயிற்று. அவர் 1995-ல் ஆகாய விமான விபத்தில் மாண்டுபோனது பெரிய நஷ்டம். கோயமுத்தூருக்கு அருகில் செட்டிபாளையத்திலுள்ள பந்தயப் பாதைக்கு அவருடைய பெயரை வைத்திருக்கிறார்கள்.

பந்தய தினத்துக்கு வருவோம். விடியற்காலம் நாலு மணிக்கு என் தாயார் புளியோதரை கிளறிவிடுவாள். வண்டியில் முன் ஸீட்டு ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் கழற்றப்பட்டிருக்கும். அம்மா பின்னால் தரையில் ஜமுக்காளம் விரித்து உட்காருவாள். எனக்குச் சாப்பாட்டு மணை ஆசனம். வழியெல்லாம் அந்த மணை வழுக்கிக்கொண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் யாத்திரை செய்யும். பந்தயத்தை விட அதுதான் எனக்கு அதிக உத்ஸாகமாயிருந்தது என்று சொன்னாலும் தவறில்லை.

மைதானத்தில் பெருங்கூட்டம். தூசி, எரிந்த எண்ணெயின் வாசனை, வேர்க்கடலை விற்பவர்களின் கூச்சல். என் உத்தியோகம் ஸ்டாப் வாட்சு பிடிப்பது. அப்பா நம்மைக் கடந்து போகும் கணத்தில் ஒரு தடவை அமுக்கவேண்டும். சுற்றி வந்ததும் மறுபடி. நேரத்தை நோட்டில் எழுத வேண்டும். எழுதுவதற்குள் அடுத்த வண்டி போய்விடும். சத்தத்தில் காது அடைத்துக்கொள்ளும். ஆனாலும் நான் தப்பவிட்டதில்லை. இரவு வீட்டில் அந்த நோட்டை அவர் பரீட்சைப் பேப்பரைப் பார்ப்பது போல் பார்ப்பார். 'நாலாவது சுற்றில் எங்கேயோ தூங்கியிருக்கிறேன், கண்ணு' என்பார்.

அவர் ஒரு முறையும் முதலாவதாக வந்ததில்லை. ஒரே ஒரு வருஷம் மூன்றாவதாக வந்து, வெள்ளி முலாம் பூசிய கிண்ணம் ஒன்று பெற்றார். அம்மா அதைப் பூஜை அலமாரியில் வைத்து அதில் கற்பூரம் போட்டு வைத்தாள். முலாம் போய்ப் பித்தளை தெரிந்த பிறகும் அது அங்கேயேதான் இருந்தது.

அம்மாவைப் பற்றிக் கேட்பீர்கள். அவள் தடுத்ததில்லை, சந்தோஷப்பட்டதும் இல்லை. வீட்டுக் கணக்கு நோட்டில் பந்தயச் செலவை அவள் 'வைத்தியம்' என்ற தலைப்பின் கீழ் எழுதுவது வழக்கம். காரணம் கேட்டதற்கு, 'தலைவலிக்கு ஆகும் செலவை வேறு எங்கே எழுதுவது?' என்றாள். ஒரு வருஷம் பிஸ்டன் வாங்குவதற்காக அவளுடைய வளையல்கள் இரண்டு அடகுக் கடைக்குப் போய் ஆறு மாதம் கழித்துத் திரும்பின. அதுவும் வைத்தியக் கணக்கிலேயே ஏறிற்று.

1987-ல் நடந்தது இது. வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாவது சுற்றிலோ ஆறாவது சுற்றிலோ நான் வாட்சை அமுக்கினேன். முள் ஓடிற்று. வழக்கமாக வரும் இடத்துக்கு வந்தது, தாண்டிற்று. பின்னால் வந்துகொண்டிருந்த வண்டிகள் ஒவ்வொன்றாய் எங்களைக் கடந்து போயின. நீல பியட்டைக் காணோம். முள் முழு வட்டம் சுற்றி மறுபடி மேலேறிற்று. நான் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தக் கூடாது என்று மட்டுமே தோன்றியது. அம்மா எழுந்து நின்றாள். என் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை. பேசவும் இல்லை.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம், தூரத்தில் பாதை ஓரமாக, தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நடந்து வருவது தெரிந்தது. வேலிகாத்தான் முள் கிழித்த கன்னத்தில் ரத்தக் கோடு; வேறு காயம் இல்லை. நேர்ப்பாதையின் கோடியில் பிரேக்கை மிதித்திருக்கிறார். கால் உள்ளே போயிற்று, வண்டி நிற்கவில்லை. வைக்கோல் கட்டுகளை இடித்துத் தள்ளிக்கொண்டு புதருக்குள் புகுந்துவிட்டது.

காரணம் லேசானது. பழைய வண்டிகளில் பிரேக் என்பது சுழலும் இரும்புக் குடம். உள்ளேயிருந்து இரண்டு கட்டைகள் விரிந்து அதன் சுவரை அழுத்தும். திரும்பத் திரும்ப அழுத்தினால் குடம் பழுக்கக் காயும்; காய்ந்தால் விரியும்; விரிந்தால் கட்டைக்கும் சுவருக்கும் தூரம் அதிகமாகும். கட்டையில் ஒட்டியிருக்கும் லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழந்துவிடும். ஊருக்குள் ஓட்டும்போது இந்தச் சங்கடம் தெரியாது. பந்தயத்தில், எல்லாவற்றையும் விட வேகம் அதிகமாயிருக்கும் இடத்தில் தெரியும்.

அம்மா கேட்ட முதல் கேள்வி: 'நாளைக்கு வண்டி ஓடுமா? குழந்தைக்குப் பரீட்சை இருக்கிறது.'

அன்று இரவு நான் தூங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு இருவரும் பேசினார்கள். 'விட்டுவிடுகிறேன்' என்றார் அப்பா. அம்மா வெகு நேரம் சும்மா இருந்தாள். பிறகு, 'விடச் சொல்லவில்லை, என்னங்க. விட்டுவிட்டு நீங்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை யார் பார்ப்பது? இத்தனை வருஷமும் ஓடுகிறதற்கே செலவு செய்தீர்கள். இனிமேல் நிற்கிறதற்கு முதலில் செலவு செய்யுங்கள். கணக்கு நான் பார்க்கிறேன்' என்றாள்.

அப்படியே நடந்தது. அடுத்த வருஷம் பிஸ்டனுக்கும் கார்புரேட்டருக்கும் ஒரு காசு கிடைக்கவில்லை. கடினமான லைனிங், புது ஹோஸ்கள், குடங்களின்மேல் காற்றுப் படும்படி தகரத்தில் செய்த இரண்டு குழல்கள்: இவ்வளவே. நேர்ப்பாதையில் எல்லோரும் அவரைத் தாண்டினார்கள். திருப்பங்களில் அவர் பலரைத் தாண்டினார். ஆறாவதாக வந்தார். கணக்கு நோட்டில் 'பிரேக்' என்று தனித் தலைப்பு ஒன்று ஏற்பட்டிருந்தது.

உலகெங்கும் இந்தப் பைத்தியம் குடும்பங்களில் இறங்குவதைக் காண்கிறோம். இங்கிலாந்தில் ஆல்பிரட் மாஸ் என்ற பல் வைத்தியர் 1924-ல் அமெரிக்கா சென்று இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் கலந்துகொண்டு 16-வதாக வந்தார்; அவர் மனைவியும் மலையேற்றப் போட்டிகளில் வண்டி ஓட்டியவர். அவர்களுடைய புதல்வர்தான் 1955-ல் இத்தாலியின் 'மில்லே மில்யா' பந்தயத்தில் வெற்றி பெற்ற ஸ்டர்லிங் மாஸ். நம் கோயமுத்தூர் நாராயண் கார்த்திகேயனின் தந்தை தேசீய ராலி சாம்பியனாக விளங்கியவர். மகன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நுழைந்த முதல் இந்தியரானார். சென்னை கருண் சந்தோக்கின் குடும்பத்தில் பாட்டனாரும் பந்தயக்காரர், தகப்பனாரும் பந்தயக்காரர். என் விஷயத்தில் அது ஸ்டாப் வாட்சோடு நின்றுவிட்டது.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே பாதை அமைந்தது. சோழவரத்து ஆரவாரம் ஓய்ந்தது. புதிய பாதை எல்லா விதத்திலும் மேலானதே. அபாயத்துக்கு ஒதுங்க இடம், வைத்திய வசதி, ஒழுங்கு எல்லாம் உண்டு. ஆனால் செலவும் கூடவே வளர்ந்தது. வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் போன வண்டி ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு வரும் காலம் மெல்ல மறைந்தது. அப்பா வண்டியை நிறுத்திவிட்டுக் கொடி பிடிக்கும் உதவியாளராகச் சில வருஷம் நின்றார். மஞ்சள் கொடியை ஆட்டும்போது அவர் முகத்தில் இருந்த கண்டிப்பை, கணக்கு நோட்டு எழுதும் அம்மாவின் முகத்தில்தான் நான் முன்பு பார்த்திருக்கிறேன். அவர் காலமாகிப் பல வருஷங்களாகின்றன.

இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. இரவில் கடற்கரைச் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மோட்டார் ஸைக்கிள் பந்தயம் விட்டுப் போலீஸில் பிடிபடும் பையன்களில் என்னிடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். 'உங்கள் அப்பா செய்யவில்லையா, டீச்சர்?' என்று ஒருவன் கேட்டான். என் தகப்பனார் மவுண்ட் ரோடில் மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போனதை நான் பார்த்ததில்லை. 'சோழவரத்தில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். இங்கே எருமை கூட எதிரே வரும்' என்பார். பாதையில் ஓட்டினாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்பதை 2023-ஆம் வருஷம் காட்டிற்று. ஜனவரியில் 59 வயதான அநுபவசாலி ஒருவரும், ஆகஸ்டில் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்தின்போதே உயிரிழந்தார்கள். பெரியவர் தெரிந்து ஏற்ற அபாயம் வேறு. பதின்மூன்று வயதுக் குழந்தையைப் பெரிய யந்திரத்தில் ஏற்றுவதை என்னால் ஒப்ப முடியவில்லை. அந்தப் பையனுக்குப் பதிலாக நான் இரும்புக் குடம் விரியும் கதையைக் கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னேன். மணி அடித்த பிறகும் ஐந்தாறு பேர் நின்று கேட்டார்கள்.

2024 ஆகஸ்ட் 31-ஆம் தேதியும் மறுநாளும் சென்னையில் தீவுத்திடலைச் சுற்றித் தெருக்களிலேயே இரவுப் பந்தயம் நடந்தது. அரசாங்கம் பொதுப் பணத்தை இதில் செலவிடலாமா என்ற வாதம் தனி. அதைப் பிறிதொரு வாரம் பார்ப்போம். அம்மா டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் வண்டிகள் சீறிக்கொண்டு போயின.

'இதில் எந்த மாதிரி பிரேக்?' என்று கேட்டாள்.

'டிஸ்க் பிரேக், அம்மா. திறந்தே இருக்கும், காற்றுப் பட்டுக்கொண்டே இருக்கும்.'

'அப்படியானால் சரி' என்று சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.