செவிலியர் கல்வி: முதலாண்டின் சுமை யாருடையது?

'தாவணி' என்னும் சொல்லுக்கு மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நீண்ட கயிறு என்றும், மாட்டுச் சந்தை என்றும் பொருளுண்டு. மதுரை மாட்டுத்தாவணி இன்று பேருந்து நிலையத்தாலும் பூச்சந்தையாலும் அறியப்படுகிறது. எனினும் பழைய சந்தை அதன் பெயரில் இன்னும் வாழ்கிறது. மாடு பழக்குவோர் அறிந்த உண்மை ஒன்றுண்டு. இளங்காளையை முதல் நாளிலேயே தனியாகப் பார வண்டியில் பூட்டமாட்டார்கள். பழகிய மாட்டுடன் இணைத்து, வெறும் வண்டியை இழுக்கவிட்டு, பிறகே சிறிது சிறிதாகப் பாரம் ஏற்றுவார்கள். இவ்வறிவு நம் கல்விக்கூடங்களுக்கும், சிறப்பாகச் செவிலியர் கல்விக்கும் வேண்டும் என்பதே நம் கருத்து.

மேலூர், கொட்டாம்பட்டி, திருப்பத்தூர், சிவகங்கைப் பகுதிகளிலிருந்து இப்பேருந்து நிலையத்தில் வந்திறங்கும் மாணவியருள் செவிலியர் பட்டப்படிப்பில் புதிதாகச் சேர்ந்தோரும் உளர். இவர்களுள் பலர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்றவர்கள். இந்தியச் செவிலியர் மன்றம் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட திருத்திய பாடத்திட்டப்படி, நான்காண்டுப் படிப்பு எட்டுப் பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. முதற்பருவத்திலேயே உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல், சமூகவியல், தொடர்பியல் ஆங்கிலம், செவிலிய அடிப்படைகள் ஆகியவை வந்து நிற்கின்றன. வாரத்திற்கு 40 மணி நேரம் வகுப்பும் செய்முறையும் உண்டு. தேர்வெழுத 80 விழுக்காடு வருகை வேண்டும்; பட்டம் பெறுவதற்குமுன் செய்முறைப் பயிற்சி முழுவதையும் குறைவின்றி முடித்திருத்தல் வேண்டும்.

'இச்சுமையைக் குறைத்தால் என்ன?' என்று சிலர் வினவக்கூடும். நாம் அதனை ஏற்பதற்கில்லை. ஊசி செலுத்தும் கைக்கு நரம்பு எங்கே ஓடுகிறது என்பது தெரியாவிட்டால், அந்த அறியாமையின் விலையை நோயாளியே செலுத்த நேரும். குறைக்க வேண்டியது பாடத்தையன்று. பாடத்தைத் தனியே சுமக்கும் நிலையை.

செவிலியப் பணியின் பெருமையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவத்தின் நான்கு கூறுகளைச் சொல்லுமிடத்து, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு, நோயாளியின் அருகிருந்து பேணுபவரையும் 'உழைச்செல்வான்' எனச் சேர்த்துள்ளார். 'உழை' என்பதற்குப் பக்கம் என்பது பொருள். இஸ்லாமிய வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. கி.பி. 627-இல் நிகழ்ந்த அகழ்ப்போரில் காயமுற்ற சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், மதீனாப் பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பேணப்பட்டார்கள். தமிழகத்திற்கும் இக்கல்வி புதிதன்று. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் அங்கேயே பட்டப்படிப்பும் தோன்றியது. எனவே மகளைச் செவிலியராக்கத் தயங்கும் பெற்றோர், இப்பணியின் மதிப்பைப் பற்றி ஐயுறத் தேவையில்லை.

இனி, சுமையைத் தாங்கும் வழியை நோக்குவோம். ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். நாளொன்றுக்கு ஏழு மணி உறக்கம் என்றால் 49 போகும்; வகுப்புக்கு 40 போகும்; உணவு, குளியல், தொழுகை, பயணம் முதலியவற்றிற்கு நாளுக்கு நான்கு மணி எனக் கொண்டால் 28 போகும். எஞ்சுவது 51 மணி. ஆகவே நேரம் அறவே இல்லை என்று கலங்க வேண்டியதில்லை. அந்நேரம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது என்பதே உண்மை. அன்று நடத்திய பாடத்தை அன்றிரவே ஒரு மணி நேரம் திரும்பப் பார்க்கும் மாணவி, தேர்வுக்கு முந்திய வாரத்தில் உறக்கத்தை விற்க வேண்டிய நிலைக்கு ஆளாகமாட்டாள். உறங்காத கண்ணுடன் மருந்தின் அளவைப் படிப்பது ஆபத்து என்பதையும் முதலாண்டிலேயே உணர்தல் நன்று.

அடுத்தது மொழி. தமிழ்வழி மாணவி ஒரே பாடத்தை இருமுறை கற்கிறாள்: முதலில் ஆங்கிலச் சொல்லை, பிறகு அதன் பொருளை. முதல் சில மாதங்களில் அவளை வருத்துவது பெரும்பாலும் இந்த இரட்டைப் பாரமே, அறிவுக் குறைவன்று. இதற்கு ஒரு குறிப்பேடு உதவும். அதில் மூன்று பத்திகள் இருக்கட்டும். முதற்பத்தியில் ஆங்கிலக் கலைச்சொல். இரண்டாவதில் தமிழ் விளக்கம். மூன்றாவதில் நோயாளி வழங்கும் சொல். பொருளைத் தாய்மொழியில் பற்றிக்கொண்டவள் ஆங்கிலச் சொல்லை எளிதில் நினைவில் வைப்பாள். மூன்றாம் பத்தியோ வாழ்நாள் முழுதும் பயன்தரும். நம் மக்கள் 'வலிக்கிறது' என்று மட்டும் சொல்வதில்லை. குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, பிசைகிறது, எரிகிறது, மரத்துப்போகிறது, நெஞ்சு கரிக்கிறது என்று பிரித்துச் சொல்வர். ஒவ்வொன்றும் வெவ்வேறு குறி. இவற்றைக் கேட்டறிந்து மருத்துவருக்கு உரைக்கும் செவிலியே சிறந்த செவிலி. எனவே தமிழறிவு அவளுக்குத் தடையன்று, கருவி.

கல்லூரிகள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒவ்வொரு புதிய மாணவியையும் ஒரு மூத்த மாணவியுடன் இணைத்துவிடலாம். நோய்ப்படுக்கையருகே முதன்முறை நிற்கும்போது எழும் நடுக்கத்தை, முந்தைய ஆண்டு அதே நடுக்கத்தை அறிந்தவளே எளிதில் போக்குவாள். பின்தங்கிய மாணவி தேர்வில் வீழ்ந்தபின் அவளை அழைத்துக் கேட்பதினும், முதல் மாதத்திலேயே ஆசிரியர் அழைத்துப் பேசுவது மேல். ஐயத்தை வெட்கமின்றிக் கேட்பது மாணவியின் கடமை; கேட்டவளை நகையாமை ஆசிரியரின் கடமை.

பெற்றோர்க்கும் பங்குண்டு. விடுமுறைக்கு வரும் மகளிடம் மதிப்பெண்ணைக் கேட்குமுன், 'சாப்பிட்டாயா, தூங்கினாயா?' என்று கேளுங்கள். வீட்டு வேலை அனைத்தையும் அவள் தலையில் ஏற்றாதீர்கள்; அண்ணன் தம்பியரும் பாத்திரம் கழுவலாம். 'முடியவில்லை' என்று அவள் சொன்னால், அதனைச் சோம்பல் என்று ஒதுக்காமல் காரணத்தைக் கேட்டறியுங்கள். சமுதாயப் பெரியோர் கல்விக் கட்டணத்திற்கு உதவுவதோடு, முதலாண்டு நூல்களைத் திரட்டி ஜமாஅத் நூலகங்களில் வைத்தால் அதுவும் நிலையான அறமாகும்.

இறுதியாக நம் தமிழ்த்துறை மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் உங்கள் ஊர்களில் முதியோர் வழங்கும் நோய்ச் சொற்களைத் திரட்டி வாருங்கள். அவற்றை அகரவரிசைப்படுத்தி ஒரு சிறு கையேடாக்கி, மதுரையில் பயிலும் முதலாண்டுச் செவிலிய மாணவியர் கையில் கொடுப்போம். ஏரில் புதிதாகப் பூட்டப்பட்ட கன்றுக்குப் பக்கத்தில் நடக்கும் பழகிய மாடு போல, அவர்களுக்குத் தமிழும் உழைச்செல்லட்டும்.