கூண்டு ஏற்றிய நாள்



மார்கழி பிறந்துவிட்டால் தில்லிவாழ் நம்மவருக்கு மூடுபனியே துணை. ஆனால் அதே மார்கழியில் நம் தென்கோடியில் வடகிழக்குப் பருவமழை இன்னும் விடைபெற்றிராது என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். நாமும் மறந்திருந்தோம். மறந்ததன் பலனை, காரியாலயச் சகாக்கள் நால்வரோடு மூன்று நாள் நனைந்து அநுபவித்தோம். அக்கதையே இம்மாதப் பகுதி.

பத்தாண்டுகளாக, மதிய உணவு வேளையில் அடுக்குப்பாத்திரத்தைத் திறக்கும்போதெல்லாம் நாம் சகாக்களிடம் ஒரே பல்லவியைப் பாடி வந்தோம். "எங்கள் இராமேசுவரக் கடலைக் கண்டதுண்டா? அங்கே கிடைக்கும் உணவை உண்டதுண்டா?" என்போம். இராமநாதபுரச் சீமை நம் தந்தையாரின் ஊர். ஆயினும் நாம் பிறந்து வளர்ந்தது கரோல்பாகில். கடலை நாம் கண்டது வாழ்நாளில் மும்முறை. நாம் சொன்னது பொய்யன்று. ஆனால் எல்லாம் கேள்வி ஞானம். ஒருநாள் பஞ்சாபிச் சகா, "பேச்சுப் போதும், பாஸ் எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டார். வங்காளி நண்பர் ஒருவர், அலிகார்க்காரர் ஒருவர், திருச்சூர் மலையாளி ஒருவர் எனக் குழு சேர்ந்தது. இனித் தப்ப வழியில்லை.

புதுதில்லியிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை. எழும்பூரிலிருந்து இரவு வண்டி. மறுநாள் காலை வண்டி பாம்பனை நெருங்கியபோது சன்னலுக்கு வெளியே கடலும் இல்லை, வானும் இல்லை. மழைத் திரை ஒன்றே இருந்தது. இரயில்வேக்காரர் ஐவர் பாலத்தைப் பார்க்கச் சன்னலில் முகத்தைப் பதித்து நின்ற காட்சி மற்றப் பயணிகளுக்கு வேடிக்கையாயிருந்திருக்கும். 1914 இல் திறக்கப்பட்ட பழைய பாலம், கப்பல் வந்தால் இரு கைகளையும் மேலே தூக்குவதுபோல் நடுவில் பிளந்து வழிவிட்டது. 2022 டிசம்பரில் அதன்மேல் வண்டிகள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி முழுவதும் செங்குத்தாக 17 மீட்டர் உயரம் எழும்புகிறது. இவற்றையெல்லாம் நாம் பெருமையோடு விளக்கினோம். "காட்டுங்கள்" என்றார் அலிகார்க்காரர். மழையைத்தான் காட்ட முடிந்தது.

முதல் நாள் நண்பகல், கடைத்தெருவிலிருந்து சற்று விலகி, ஓலைச் சார்ப்பிட்ட ஒரு சிறு சாப்பாட்டுக் கடையில் நுழைந்தோம். நடத்துபவர் அறுபதைக் கடந்த ஒரு மூதாட்டி. இலையில் சோறும் குழம்பும் வறுத்த மீனும் வந்தன. இந்தச் சீமையின் குண்டு மிளகாய் 2023 இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் காரத்தில் பஞ்சாபிச் சகாவின் நெற்றி, வெளியே பெய்த மழைக்கு ஈடாக நனைந்தது. ஆனாலும் கையை எடுத்தாரில்லை. வங்காளி நண்பர் ஒவ்வொரு துண்டையும் ஆராய்ந்து, "இது என்ன மீன்?" என்று நம்மைக் கேட்டார். "கடல் மீன்" என்றோம். "அது?" என்றார். "அதுவும் கடல் மீன்தான்." மூதாட்டி சிரித்துவிட்டார். "இது விளைமீன், அது பாறை, சின்னது நெத்திலி. தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். "இராமநாதபுரந்தான்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. "தில்லி" என்றோம். பத்தாண்டுப் பெருமை ஒரு கவளத்தில் கரைந்தது.

மரக்கறி உண்ணும் அலிகார்க்காரரை மூதாட்டி பட்டினி போட்டுவிடவில்லை. மஞ்சளும் உப்பும் இட்டு அவித்த பனங்கிழங்கைப் பிளந்து, நார் உரித்து உண்ணும் விதத்தைக் கற்பித்தார். சுக்கும் கருப்பட்டியும் இட்ட காப்பி பின்தொடர்ந்தது. தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய கீழக்கரைத் தோதலைக் கண்டதும், அவர் தம் ஊர் அல்வாவைச் சில நிமிடம் மறந்தார்.

இரண்டாம் நாள் காற்றும் சேர்ந்துகொண்டது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். படகுகள் கடலுக்குச் செல்லவில்லை. அறையில் அடைபட்டுப் பொறுமையிழந்த பஞ்சாபிச் சகா, "தனுஷ்கோடிக்கு இன்றே போவோம்" என்றார். இரட்டைக் கூலி தந்தால் வருவதாக ஒரு வேன்காரரும் இசைந்தார். நமக்குள் அச்சம் இருந்தது. ஆயினும் அழைத்து வந்தவர் நாம். ஒன்றையும் காட்டவில்லையே என்ற வெட்கம் அச்சத்தை மீறியது. பணத்தை எண்ணிக் கொடுக்கக் கையை நீட்டிய வேளையில் மூதாட்டி குறுக்கிட்டார்.

"கூண்டு ஏத்தியிருக்காக தம்பி. கடல்லயே பொறந்த எங்க பிள்ளைகளே வலையைச் சுருட்டி வச்சிருக்கு. நீங்க எதுக்குப் போறீக?"

அவர் சொன்னதை இந்தியில் பெயர்த்துச் சொன்னோம். பஞ்சாபிச் சகா இருபதாண்டுக் காலம் போக்குவரத்துப் பிரிவில் பணிபுரிபவர். "கைகாட்டி விழவில்லை என்கிறாரா?" என்று கேட்டார். "ஆம்" என்றோம். "அப்படியானால் வண்டி நகராது" என்று சொல்லி மீண்டும் பலகையில் அமர்ந்துவிட்டார்.

அன்று பச்சை மீன் இல்லை. மூதாட்டி சமைத்தது கருவாட்டுக் குழம்பு. அதன் மணம் எழுந்ததும் நமக்கு உடல் கூசியது. தில்லியில், அண்டை வீட்டார் முகஞ்சுளிப்பார்களே என்று நம் வீட்டில் கருவாடு நுழைந்து பல்லாண்டுகள் ஆகின்றன. விருந்தினர்க்கு இதையா இடுவது என்று தவித்தோம். ஆனால் வங்காளி நண்பர் முதற் கவளத்திலேயே மௌனமானார். அவர் கண்கள் கலங்கின. காரமோ என்று நீரை நகர்த்தினோம். "காரமன்று, இது எங்கள் பாட்டியின் அடுக்களை" என்றார். தேசப் பிரிவினையின்போது கிழக்கு வங்கத்திலிருந்து வெறுங்கையோடு வந்த குடும்பம் அவருடையது. பாட்டி உயிரோடிருந்தவரை வீட்டில் உலர்மீன் சமைத்தார். அவர் மறைந்தபின், அக்கம்பக்கத்துக்கு அஞ்சி நிறுத்திவிட்டார்களாம். பத்தாண்டுகள் ஒரே மேசையில் அடுத்தடுத்து அமர்ந்து உண்டோம். இருவரும் ஒன்றையே ஒளித்து வைத்திருந்தோம் என்பதை அறியோம்.

மூன்றாம் நாள் வானம் வெளுத்தது, கூண்டு இறங்கியது. அரிச்சல்முனை வரை இப்போது நல்ல சாலை இருக்கிறது. வழியில், இடிந்த தேவாலயச் சுவரும் இரயில் நிலையத்தின் எஞ்சிய சுவர்களும் நிற்கின்றன. 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து வந்த பயணி வண்டியைக் கடல் கொண்டுபோனது இவ்விடத்தருகேதான். நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளும் இரயில்வே ஊழியரும் அதில் மாண்டனர். புயலில் கைகாட்டி செயலற்றுப்போக, ஓட்டுநர் காத்திருந்து பார்த்து, பின் வண்டியை நகர்த்தினார் என்று சொல்வார்கள். நாங்கள் ஐவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். பஞ்சாபிச் சகா ஒரு பிடி மணலை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். முன்தினம் நாம் நீட்டிய கை நம் நினைவுக்கு வந்தது.

அந்தப் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சீர்செய்த பொறியாளர் ஈ. ஸ்ரீதரன். தில்லி மெட்ரோவை அமைக்கத் தலைமை தாங்கியவரும் அவரே. நாள்தோறும் மெட்ரோவில் ஏறி இறங்கும் நம்மவர் இந்த உறவை நினைவில் வைத்தல் தகும்.

திரும்பும்போது மூதாட்டியிடம் ஒரு பொட்டலம் கருவாடு வாங்கினோம். வங்காளி நண்பர் இரண்டு வாங்கினார். வீட்டில் மனையாள், "அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள்?" என்றாள். "சொல்லட்டும்" என்றோம். குழம்பு கொதித்தது. கதவைத் தட்டிய மாடிவீட்டு அம்மாள், "என்ன மணம் இது?" என்று மட்டுமே கேட்டார். நம் மகள் முந்திக்கொண்டு, "நெத்திலிக் கருவாடு" என்று தமிழில் சொல்லி, பிறகு இந்தியிலும் விளக்கினாள்.

நேயர்களே, ஊருக்குப் போகுமுன் வானிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கூண்டு ஏற்றியிருந்தால் கடற்கரைப் பக்கம் போகாதீர்கள். மானம் போயிற்றே என்று எண்ணவும் வேண்டா. ஆனால் அடுக்களையில் நாமே அஞ்சி ஏற்றிவைத்த கூண்டுகள் சில உண்டு. அவற்றை இறக்கிவிட்டு, நம் குழந்தைகளுக்கு ஐந்து மீன்களின் பெயரையாவது, மரக்கறிக்காரர் ஐந்து கிழங்கின் பெயரையாவது சொல்லிக்கொடுங்கள். நம்மைப்போல் அவர்களும் "கடல் மீன்" என்று சொல்லித் தலைகுனிய வேண்டாமே.