வண்டியில் தூங்குகிறவர்களுக்கு ஓர் இடம்

கோழிக்கோடு மாவட்டம் வடகரைக்கு அருகே கரிம்பனப்பாலத்தில், 2024 டிசம்பர் 23 அன்று, ஒரு கேரவன் சாலையோரமாக நெடுநேரம் அசையாமல் நின்றிருந்தது. சந்தேகப்பட்டுத் திறந்து பார்த்தபோது உள்ளே இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஒருவர் அதன் ஓட்டுநர், மற்றவர் உடன்வந்த ஊழியர். பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில் கண்ணயர நிறுத்தியிருக்கிறார்கள். ஏ.சி.க்காக ஜெனரேட்டரை ஓடவிட்டிருக்கிறார்கள். அதன் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வண்டியின் தரைவழியாக உள்ளே ஏறி இருவரையும் கொன்றிருக்கிறது. பிரேதப் பரிசோதனையும், கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்கள் அதே வண்டியில் நடத்திய சோதனையும் இதை உறுதிசெய்தன.

அதற்குப் பதினாறு மாதங்கள் முன்பு, 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரையில் நடந்ததும் நமக்கு மறந்திருக்காது. லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்களின் தனிப்பெட்டி, ரயிலிலிருந்து கழற்றப்பட்டு நிலையத்தருகே நின்றுகொண்டிருந்தது. பெட்டிக்குள் யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்திருந்த எரிவாயு சிலிண்டரில் தேநீர் போடப்போய்த் தீப்பற்றியது. ஒன்பது பேர் மாண்டார்கள்.

ஒன்று சாலையில், மற்றொன்று தண்டவாளத்தில். இரண்டு இடத்திலும் மனிதர்கள் நின்றுகொண்டிருந்த வண்டியையே அந்த இரவுக்கு வீடாக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வேண்டிய மின்சாரமும் அடுப்பும் வெளியே கிடைக்காததால் உள்ளேயே ஏற்பாடு செய்துகொண்டார்கள். சிலிண்டரை ஒளித்துக் கொண்டுவந்தது குற்றம்தான். அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நாள்கணக்கில் பெட்டியிலேயே தங்கப்போகிற முதியவர்களுக்குக் காலையில் ஒரு குவளை சூடான தேநீர் வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே யோசித்து இடம் ஒதுக்க வேண்டிய பொறுப்பு யாருடையது? இந்தக் கேள்வியை விசாரணைகள் கேட்பதில்லை.

நம் நாட்டில் தினமும் இரவில் வண்டிக்குள் தூங்குகிறவர்கள் ஏராளம். புதிதாக கேரவன் வாங்கி ஊர்சுற்றுகிறவர்கள் அவர்களில் சிறு பகுதிதான். பெரும்பகுதியினர் சுற்றுலா வேன் ஓட்டுநர்கள், வாடகைக் கார் ஓட்டுநர்கள், விடுதி வாடகை கட்டுப்படியாகாமல் வேனிலேயே படுத்துக்கொள்ளும் யாத்திரைக் குடும்பங்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு பழக்கம் இருக்கிறது: யார் கண்ணிலும் படாமல் தூங்குவது. விளக்கை அணைத்து, திரையை இழுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, தெருவிளக்கு எட்டாத மரத்தடியாகப் பார்த்து ஒதுங்குவார்கள். கண்டால் விரட்டுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயம்தான் அவர்களைக் காற்றில்லாத பெட்டிக்குள்ளும், உதவிக்குக் கூப்பிட ஆளில்லாத இருட்டுக்குள்ளும் தள்ளுகிறது. வண்டியில் தூங்குவதை ஒளிவுமறைவான காரியமாக வைத்திருக்கும்வரை இந்தச் சாவுகள் நிற்காது. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து இடமும் வசதியும் கொடுப்பதே அரசின் கடமை என்று நாம் உறுதியாக நம்புகிறோம்.

ஜனவரி மாதத்து ஊட்டியில் ஒரு விடுதி வாசலை நினைத்துப் பாருங்கள். இரவு பத்து மணி. பயணிகள் சாவி வாங்கிக்கொண்டு மாடியேறுகிறார்கள். “அண்ணே, காலையில ஆறு மணிக்கெல்லாம் ரெடியா இருங்க” என்று ஒருவர் திரும்பிச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த அண்ணன் அன்று விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வண்டியெடுத்தவர். பன்னிரண்டு இருக்கை டெம்போ டிராவலரின் கடைசி வரிசைதான் அவருக்குக் கட்டில். கொஞ்சம் உயரமான ஆளாக இருந்தால் முழங்காலை மடக்காமல் அதில் படுக்க முடியாது. இருக்கைகளுக்கு நடுவே பாய் விரித்தால் காலை நீட்டலாம், புரள முடியாது. கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கினால் குளிர் எலும்பைக் கவ்வும், ஏற்றிவிட்டால் தன் மூச்சுக்காற்றிலேயே கண்ணாடி வியர்க்கும். சமவெளி ஊர்களில் குளிருக்குப் பதில் கொசு. மூடிய வண்டிக்குள் கொசுவத்திச் சுருளைக் கொளுத்திவைத்துத் தூங்குகிறவர்கள் எத்தனை பேர்! இயற்கை உபாதைக்கு விடுதியின் பின்கட்டில் வேலையாட்களுக்கான கழிப்பறை திறந்திருந்தால் உண்டு. இல்லையென்றால் சாலையோரப் புதர். அதிகாலையில் ஒரு பாட்டில் தண்ணீரில் முகம் கழுவி, கண்ணாடியைத் துடைத்து, கொண்டை ஊசி வளைவுகளில் பன்னிரண்டு உயிர்களை இறக்கிக்கொண்டு போகப்போகிறவர் இவர்தான்.

இந்த ஓட்டுநருக்குப் பேட்டா கொடுக்கிறார்களே, அறை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். சுற்றுலாத் தலத்தில் சீசன் நேரத்து அறை வாடகை என்ன, ஒரு நாள் பேட்டா என்ன என்று அவர்களே விசாரித்துப் பார்க்கட்டும். அந்தப் பேட்டாவில்தான் அவருடைய மூன்று வேளைச் சாப்பாடும், வீட்டுக்கு அனுப்புகிற பணமும் இருக்கின்றன.

சட்டம் இதைக் கவனிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. இரவில் தங்க நேரிடுகிற தொழிலாளிக்கு ஓய்வறை வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கே அது பொருந்தியது. ஒரே ஒரு வேனைக் கடனில் வாங்கி ஓட்டுகிறவரும், இரண்டு கார் வைத்திருப்பவரிடம் வேலைபார்க்கிறவரும் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. சுற்றுலாத் தொழிலில் மிகுதியாக இருப்பது இவர்கள்தான்.

தமிழ்நாடு அரசு 2023-இல் ஒரு நல்ல காரியம் செய்தது. கட்டட விதிகளைத் திருத்தி, விருந்தினர்களுடன் வரும் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் உள்ள ஓய்வுக்கூடத்தை விடுதிகள் அமைத்துத் தர வேண்டும் என்றது. இந்தியாவில் இப்படி யோசித்த அரசை மனமாரப் பாராட்ட வேண்டும். ஆனால் இன்றிரவு எந்தச் சுற்றுலா ஊரிலாவது விடுதித் தெருவில் நடந்துபோய்ப் பாருங்கள். வண்டிகளின் முன்கண்ணாடியில் துண்டு காய்கிறது, ஜன்னல் வழியே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. விதி இருக்கிறது, அதை விடுதிவிடுதியாகப் போய்ப் பார்த்து எழுதிக்கொள்ளும் அதிகாரி எங்கே? விடுதி உரிமத்தைப் புதுப்பிக்கும்போது ஓட்டுநர் படுக்கையை நேரில் பார்த்த பிறகே கையெழுத்து என்றால் ஒரே ஆண்டில் நிலைமை மாறும்.

விடுதிக்கே போகாத வண்டிகளின் கதை வேறு. கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. மறு ஆண்டே வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா வந்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பெற்றிருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் ஒரு கேரவன் கோவையிலிருந்து புறப்பட்டு வாகமண் போய்ச்சேர்வதற்குள் வழியில் ஓர் இரவு வந்துவிட்டால்? ஊழியர்கள் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது தூக்கம் வந்துவிட்டால்? வடகரையில் இறந்தவர்கள் அப்படித் திரும்பிக்கொண்டிருந்தவர்கள்தான். அவர்கள் நிறுத்திய இடத்தில் கம்பியைச் செருகி மின்சாரம் எடுத்துக்கொள்ள ஒரு பிளக் பாயின்ட் இருந்திருந்தால் அந்த ஜெனரேட்டர் ஓடியிருக்க வேண்டியதில்லை.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். விழித்திருப்பவனுக்குத் தலைவலியும் கிறுகிறுப்பும் எச்சரிக்கையாக வரலாம். தூங்குகிறவனுக்கு அதுவும் இல்லை. தூக்கம் இன்னும் ஆழமாகும், அவ்வளவுதான். என்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யில் காருக்குள் தூங்குகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. படுக்கை வசதியுள்ள ஒவ்வொரு வண்டியிலும் இந்த வாயுவைக் கண்டு கூவும் கருவி இருக்க வேண்டும், அது இல்லாமல் தகுதிச் சான்று தரக் கூடாது என்று கேட்பது அதிகமில்லை.

காலை மடக்கியே தூங்குவதும் சிறிய விஷயமல்ல. ஜப்பானில் 2004-இல் நீகாட்டா பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது, வீட்டுக்குள் போக அஞ்சிக் கார்களிலேயே பல இரவுகள் படுத்தவர்களில் சிலர் திடீரென்று இறந்தார்கள். காலில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலை அடைத்துவிட்டது. 2016 குமமோட்டோ நிலநடுக்கத்திலும் இது திரும்ப வந்தது. நம் ஓட்டுநர்கள் ஆண்டுக்கணக்காகப் படுத்துவருவதும் இப்படித்தான்.

அதே ஜப்பானில் வழியும் இருக்கிறது. 1993-இல் தொடங்கிய ‘மிச்சி-நோ-எகி’ என்னும் சாலை நிலையங்கள் இன்று 1,200-க்கும் மேல் உள்ளன. இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் வாகன நிறுத்தமும் கழிப்பறையும் கட்டணமில்லாமல் அங்கே கிடைக்கும். பக்கத்திலேயே உள்ளூர் விவசாயிகள் காய்கறி விற்பார்கள். களைத்த ஓட்டுநர் அங்கே சற்றுத் தூங்கிப் போவதை யாரும் தடுப்பதில்லை. நாள்கணக்கில் கூடாரமடிப்பதைத்தான் தவிர்க்கச் சொல்கிறார்கள். இரவு முழுக்கத் தங்கி மின்சாரம் எடுத்துக்கொள்ள நினைப்பவர்களுக்குக் கட்டணத்தோடு கேரவன் நிறுத்தங்கள் தனியாக உண்டு.

நியூசிலாந்து இன்னும் தெளிவாகச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தித் தங்குவதை ஒழுங்குபடுத்த 2011-இல் அங்கே தனிச் சட்டம் வந்தது. அபராதங்கள் உண்டு. ஆனால் ஓட்டுநர் களைப்பைப் போக்கிக்கொள்ளச் சாலையோரம் வண்டியில் ஓய்வெடுப்பதோ தூங்குவதோ அந்தத் தடையில் அடங்காது என்று அதே சட்டம் சொல்கிறது. 2023-இல் திருத்தம் கொண்டுவந்து கழிப்பறை விதியைக் கடுமையாக்கியபோது, வீடு கிடைக்காமல் வண்டியில் வாழ்கிறவர்களை அந்த வலையிலிருந்து விலக்கினார்கள். உல்லாசத்துக்குத் தங்குகிறவன், களைத்துப் படுத்தவன், வீடற்றவன் என்று மூன்று பேரையும் சட்டம் பிரித்துப் பார்க்கிறது. நம் ஊரில் மூவருக்கும் ஒரே லத்தி.

வீடற்றவர் விஷயத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகர வழக்கு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கைத்தொழில் செய்யும் ஒருவர் தன் டிரக்கிலேயே வசித்தார். ஒரே இடத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினார் என்று 2016-இல் நகராட்சி அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவருடைய வேலைக் கருவிகள் உள்ளேயே போயின. படுக்க இடமும் போயிற்று, பிழைப்பும் போயிற்று. வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2021-இல், அந்த டிரக் அவருடைய வீடு, சட்டம் வீட்டுக்குத் தரும் பாதுகாப்பு அதற்கும் உண்டு, அதை இழுத்துச் சென்றதற்காக அவரிடம் கேட்ட தொகை அவர் சக்திக்கு மீறியது என்று தீர்ப்பளித்தது.

குடியிருப்புவாசிகளின் மனக்குறையை நாம் தள்ளிவிடவில்லை. வாசலில் முன்பின் தெரியாத வண்டி இரவெல்லாம் நின்றால் பயம் வருவது இயல்பு. விடிந்து பார்த்தால் குப்பையும் துர்நாற்றமும் என்றால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோபத்துக்கு மருந்து கழிப்பறையும் குப்பைத்தொட்டியும் விளக்கும் உள்ள ஒரு மைதானம். விரட்டினால் வண்டி அடுத்த தெருவுக்குப் போகும், அங்கே இன்னும் இருட்டான மூலையாகப் பார்த்து நிற்கும். காவலர் சந்தேகத்தின் பேரில் ஒரு வண்டியைச் சோதிப்பதும் அவர் கடமைதான். சோதித்து, ஆவணத்தைப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு போகலாம். இரவு இரண்டு மணிக்கு ஆழ்ந்த தூக்கத்திலிருக்கும் ஓட்டுநரைத் தட்டியெழுப்பி “எடு வண்டிய” என்பதுதான் கூடாது. பாதிக் கண் மூடிய ஒருவரை நாமே ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்காரவைத்து நெடுஞ்சாலைக்கு அனுப்புகிறோம். அடுத்த பத்தாவது கிலோமீட்டரில் சென்டர் மீடியனில் ஏறினால், “ஓட்டுநர் தூங்கியதால் விபத்து” என்று நாளை நாங்களும் செய்தி போடுவோம்.

மத்திய அரசு நெடுஞ்சாலை பெட்ரோல் நிலையங்களில் லாரி ஓட்டுநர்களுக்காக ‘அப்னா கர்’ ஓய்வில்லங்களை நடத்துகிறது. 2024 அக்டோபரில் நெடுஞ்சாலை வசதிகளுக்காக ‘ஹம்சஃபர்’ கொள்கையையும் அறிவித்தது. அவற்றோடு வேனும் கேரவனும் நிற்க மின் இணைப்புள்ள இடங்களைச் சேர்ப்பது பெரிய செலவல்ல. பெண்கள், குழந்தைகளோடு வேனிலேயே தங்குகிற குடும்பங்களுக்கு, சமைக்கத் திறந்த கொட்டகை ஒன்றும் பூட்டு உள்ள குளியலறையும் போதும்; சிலிண்டரை இருக்கைக்கு அடியில் ஒளிக்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் நிலம் தேட வேண்டியதுகூட இல்லை. நம் ஊர்களின் ஒழுங்குமுறை விற்பனைக் கூட முற்றங்கள் பெரும்பாலும் இரவில் காலியாகவே கிடக்கின்றன. சுற்றுச்சுவரும், கேட்டும், காவலாளியும், தண்ணீரும் உள்ள இடங்கள் அவை. கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை வேன்கள் கம்பம் – குமுளி வழியிலும் செங்கோட்டை – ஆரியங்காவு வழியிலும் இரவும் பகலும் ஓடும். சாமிகள் பலர் நிலக்கல்லில் இறங்கி பம்பைக்கு பஸ் ஏறிப் போய்விடுவார்கள். ஓட்டுநர் வண்டியோடு அங்கேயே கிடப்பார், மறுநாள் இரவோடிரவாகத் திரும்ப ஓட்டவும் வேண்டும். வரும் கார்த்திகை முதல் தேதிக்குள் இந்த இரண்டு வழிகளிலும் இருக்கிற முற்றங்களில் சிலவற்றையாவது மாவட்ட ஆட்சியர்கள் இரவு நிறுத்தமாகத் திறந்துவிடட்டும். வரிசையாகப் பிளக் பாயின்ட், நடமாடும் கழிப்பறைகள், காலை நீட்டிப் படுக்கக் கொட்டகையில் ஜமக்காளம், சாலையில் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகை: ‘ஓட்டுநர்கள் இங்கே தூங்கலாம்.’