பயப்படறவனைத் திட்டாதீங்கய்யா!

ரொம்ப நாளா மனசுல கிடந்த விஷயம். இன்னிக்குக் கொட்டிடறேன். சண்டைக்கு வர்றவங்க தாராளமா வரலாம்.

2018 நவம்பர் 16, விடியற்காலை. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, எங்க ஒரத்தநாட்டுப் பக்கத்தையும் புரட்டிப் போட்டுட்டுப் போச்சு. கொல்லையில அப்பா வச்ச தென்னையெல்லாம் வேரோட சாய்ஞ்சு கிடந்துச்சு. கரண்ட் இல்லை, போன் இல்லை. அதுக்கப்புறம் ராத்திரியில லேசாக் காத்து அடிச்சாலே எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுடும். அந்த நேரத்துல ஒரு பிரசங்கியார் வந்தார். "விசுவாசம் இருந்தா பயம் எப்படி வரும் தம்பி?"ன்னு கேட்டார்.

தென்னை போனதைக்கூடத் தாங்கிக்கிட்டேங்க. இந்தக் கேள்வியைத்தான் தாங்க முடியலை. ஏற்கனவே பயந்து கிடக்கிறவன் தலையில 'விசுவாசக் குறைவு'ன்னு இன்னொரு மூட்டையை ஏத்தி வைக்கிறதுக்குப் பேர் ஆறுதலா?

இப்படிப் பேசறவங்க பைபிளை ஒழுங்காப் படிச்சாங்களான்னே சந்தேகமா இருக்கு. கெத்செமனே தோட்டத்துல இயேசுவே கலங்கித் தவிச்சார். மூணு சீஷர்களைக் கூட்டிட்டுப் போய், என்னோட கொஞ்சம் முழிச்சிருங்கன்னு கேட்டார். அவருக்கே பக்கத்துல ஆள் வேண்டியிருந்துச்சு. நமக்கு வேண்டாமா?

ஆறுதல்னா எப்படி இருக்கணும்ங்கிறதுக்கு நம்ம தஞ்சாவூர்லயே உதாரணம் இருக்கு. சிவகங்கைப் பூங்காவுல ஸ்வார்ட்ஸ் சர்ச் பார்த்திருப்பீங்க, 1779-ல் கட்டினது. மறு வருஷம் ஹைதர் அலி படை ஆற்காட்டுச் சீமைக்குள்ள இறங்கிச்சு. போர் தஞ்சாவூர் வரைக்கும் வந்து பஞ்சமாப் போச்சு. கோட்டைக்குள்ள சோத்துக்கு வழியில்லை. கிராமங்கள்ல தானியம் இருந்துச்சு. ஆனா ஏத்திட்டு வர மாடு கொடுக்க யாரும் தயாரா இல்லை. ஏன்னா முன்னாடி கொடுத்தவங்களுக்குக் கூலியே வரலை. அரண்மனை சொன்னாலும் நம்பலை, கம்பெனி சொன்னாலும் நம்பலை. கடைசியில ஸ்வார்ட்ஸ் ஐயர் "பணத்துக்கு நான் பொறுப்பு"ன்னார். ஒண்ணு ரெண்டு நாள்ல சுமார் 1000 மாடு சேர்ந்துச்சு. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள்ள வந்துச்சு. வேலை முடிஞ்சதும் சொன்னபடி கூலியும் கொடுத்தார்.

கவனிங்க, "உங்களுக்கு நம்பிக்கை பத்தலை"ன்னு அந்த ஜனங்களை அவர் திட்டலை. அவங்க பயத்துல நியாயம் இருந்துச்சு. அந்தப் பயத்துக்கு அவரே ஜாமீன் நின்னார். இன்னொண்ணு, படை திரியற சீமைக்குள்ள உயிரைப் பணயம் வச்சுப் போன கூட்டத்துல ஓர் உபதேசியார் இருந்தார். ஸ்வார்ட்ஸ் தன் குறிப்புல "நம்ம உபதேசியார்கள்ல ஒருத்தர்"ங்கிற மாதிரி மட்டும்தான் எழுதியிருக்கார், பேர் போடலை. ஸ்வார்ட்ஸுக்கு சரபோஜி மன்னர் வச்ச பளிங்குச் சிற்பம் இருக்கு. இவருக்கு ஒண்ணும் இல்லை.

'ஸ்வார்ட்ஸ் கம்பெனிக்குத் தூது போனவர்தானே?'ன்னு பின்னூட்டம் வரும். ஆமாம், 1779-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஹைதரைப் பார்க்கப் போனார். அவரைப் புனிதராக்க நான் வரலை. பசி நேரத்துல ஜனங்க ஒருத்தர் வார்த்தையை நம்பினாங்க, அந்த வார்த்தை பொய்யாகலை. நான் சொல்றது அவ்வளவுதான்.

அடுத்தது நம்மாளுங்களுக்கே வலிக்கும். 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள சாதி பார்க்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டப்ப, இதே தஞ்சாவூர்ல சபையை விட்டு வெளியே போனவங்க உண்டு. பக்கத்துல உட்காரவே மாட்டேங்கிறவன் என்னத்த ஆறுதல் சொல்லுவான்?

எனக்கு விசுவாசத்தைத் திருப்பிக் கொடுத்தது அந்தப் பிரசங்கியார் இல்லை, எதிர்வீட்டு அத்தை. அவங்க வீட்டு ஓடும் பறந்துதான் போச்சு. இருந்தாலும் தினம் ராத்திரி அரிக்கேன் விளக்கோட வந்து எங்க திண்ணையில உட்காருவாங்க. ஜெபம் ரெண்டு வரிதான். மத்தபடி சம்பா நிமிருமா, நிவாரணம் எப்ப வரும்னு பேச்சு. காத்து அடிக்கும், அவங்க எழுந்து போக மாட்டாங்க. என் பயம் முழுசாப் போகலைங்க. ஆனா தூக்கம் வந்துச்சு. கடவுள் என்னைக் கைவிடலைன்னு எனக்குப் புரிஞ்சது அந்தத் திண்ணையிலதான்.

அதனால, அடுத்த தடவை பயந்தவனைப் பார்த்தா வசனத்தை அப்புறம் சொல்லுங்க. முதல்ல போய்ப் பக்கத்துல உட்காருங்க.

பி.கு: மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. ஆபாசமாத் திட்டினா மட்டும் அழிச்சுடுவேன் :-)