பார்வையற்றவன் பாட்டுக்குக் கேமரா எதற்கு?

சினிமாப் பாட்டு என்று பேச்செடுத்தாலே நம் நவீன விமர்சகர்களுக்கு முகம் சுளிக்கிறது. அண்மையில் நண்பர் ஒருவர், கறாரான வாசகர், நல்ல கவிஞரும்கூட, 1982-ல் வந்த ‘காதல் ஓவியம்’ பாட்டுகளைப் பற்றித் தீர்ப்பாகவே சொன்னார்: “படத்தின் இசை படத்துக்குக் கை கால் மாதிரி. வெட்டித் தனியே வைத்தால் எப்படி நிற்கும்?” பக்கத்திலிருந்த இன்னொருவர், இளையராஜா பக்தர், சீறினார்: “படம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. பாட்டு நாற்பது வருஷமாக நிற்கிறது. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?” ஒருவரையொருவர் மறுத்துவிட்ட திருப்தியோடு இருவரும் எழுந்து போனார்கள். இரண்டு பேருமே அந்தத் தட்டைக் கேட்கவில்லை என்பது என் கட்சி. ஒருவர் கொள்கையைக் கேட்டார், மற்றவர் கைதட்டலைக் கேட்டார்.

ஜெயமங்கலத்தில் அந்தப் பாட்டுகள் எனக்கு முதலில் வந்தது ஒரு கல்யாண வீட்டுக் குழாய் ரேடியோவிலிருந்து. நான் வயலில் நின்றிருந்தேன். காற்று வராக நதிப் பக்கம் திரும்பினால் பல்லவி போய்விடும். மறுபடி திரும்பினால் சரணத்தின் பாதி வந்து சேரும். படம் பெரியகுளத்துக்கு வந்ததா போனதா என்று நான் விசாரிக்கவில்லை. பல வருஷங்கள் கழித்துப் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டது ஏமாற்றம் என்பதைவிட எரிச்சல். தெரிந்த ஒருவரைப் பற்றி யாரோ தப்பாகச் சொல்லும்போது வருகிற எரிச்சல்.

அந்தத் தட்டின் பின்னால் இருக்கும் மூன்று பேரும் இந்தப் பள்ளத்தாக்கின் ஆட்கள். இயக்கிய பாரதிராஜா அல்லிநகரம். இசையமைத்த இளையராஜா பண்ணைப்புரம். பாட்டெழுதிய வைரமுத்து எங்களுக்கு அடுத்த வடுகபட்டி. வைகை அணைக்காக ஊரைக் காலி செய்து அங்கே வந்து சேர்ந்த குடும்பம். ஊர்ப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இந்த மண்ணில் பாட்டு என்றைக்குமே சும்மா இருந்ததில்லை. நடவுக்கு ஒரு பாட்டு, சாவுக்கு ஒரு பாட்டு, தொட்டிலுக்கு ஒரு பாட்டு. இளையராஜாவே பதின்வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனோடு பாடப் போனது கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளுக்கு. கூட்டம் சேர்க்க ஒரு பாட்டு, சேர்ந்த கூட்டத்துக்கு விஷயத்தைச் சொல்ல ஒரு பாட்டு. ஏதோ ஒரு காரியத்துக்காகப் பிறந்த பாட்டு என்பதாலேயே அது ஊனம் என்று தீர்ப்பளிப்பவர், ஒப்பாரியையும் தாலாட்டையும் சேர்த்துத்தான் தள்ளிவைக்க வேண்டும். அந்தத் தைரியம் நண்பருக்கு இருக்காது. நாட்டுப்புறவியல் கருத்தரங்குக்குப் போகிறவர் அவர்.

‘தனித்து நிற்பது’ என்ற இந்தப் பரீட்சை எங்கிருந்து வந்தது? சபாவிலிருந்து. ஆனால் சபாவிலேயே அது செல்லுபடியாகவில்லை. அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகள் ஒரு கதையின் பாத்திரங்களுக்காக எழுதப்பட்டவை. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் கதையாகச் சொல்ல எழுதப்பட்டது. இன்று அவற்றைக் கதையிலிருந்து பிய்த்துத்தான் கச்சேரியில் பாடுகிறார்கள். ‘இது தனித்து நிற்குமா?’ என்று யாரும் வித்வானை நிறுத்திக் கேட்பதில்லை. நிற்கிறது, சரி, ஆனால் நிற்பதற்குக் கொடுத்த விலை என்ன? நந்தன் எந்தச் சாதி, ஏன் வாசலுக்கு வெளியே நின்றான் என்பதை மறந்துவிட்டு ராக பாவத்தில் தலையாட்டுகிறது சபை. பாட்டு தனித்து நிற்பது சில சமயம் பாட்டுக்கு நேர்ந்த விபத்தும்கூட. பக்தர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி தட்டுக்கு வருவோம். ‘காதல் ஓவியம்’ கதையின் நாயகன் பார்வையற்ற பாடகன். நாயகி நடனமாடுகிறவள். அவளை அவன் அறிவது சலங்கையால். இந்த ஒரு விஷயத்தை இசையமைப்பாளர் எப்படி எடுத்துக்கொண்டார், இயக்குநர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இளையராஜா அதை ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டார். காதால் மட்டுமே உலகத்தை அறிகிறவனுக்கு என்னென்ன கிடைக்குமோ அதைக்கொண்டே பாட்டுகளைக் கட்டினார். எஸ். ஜானகி பாடிய ‘நாதம் என் ஜீவனே’யில் குரல் ஓர் இடத்தில் நிற்கிறது, நகர்கிறது, சுற்றி வருகிறது. அவள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள் என்று நமக்குத் தெரிகிறது. எஸ். பி. பாலசுப்ரமணியம் பாடிய ‘சங்கீத ஜாதிமுல்லை’யில் தவிப்பில் தொடங்குகிற குரலைத் தாளம் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போகிறது. கடைசியில் பாட்டு பாடகனின் கட்டுப்பாட்டை மீறி ஓடுகிறது. இருட்டில் அவசரமாக நடக்கிறவன் எப்படி நடப்பானோ அப்படி. இந்தத் தட்டைக் கேட்கிற ஒவ்வொருவனும் நாயகனின் இடத்தில் வைக்கப்படுகிறான். அவனுக்கு எது தெரியாதோ அது நமக்கும் தெரியாது. சலங்கை நின்றால் அவள் போய்விட்டாளா, அசையாமல் எதிரிலேயே நிற்கிறாளா? இந்தச் சந்தேகம் தட்டின் அனுபவத்துக்கு உயிர்நாடி.

இப்போது படத்தைப் பாருங்கள். கேமரா என்ன செய்கிறது? காட்டுகிறது. சலங்கையைக் காட்டுகிறது, காலைக் காட்டுகிறது, ராதாவின் முகத்தைக் காட்டுகிறது. எவனுக்குத் தெரியாது என்பது கதையோ, அவனுக்குத் தெரியாததையெல்லாம் நமக்கு அழகழகாகக் காட்டுகிறது. நாம் அவனோடு இருந்த இருட்டிலிருந்து எழுப்பப்பட்டு, வெளிச்சத்தில் உட்கார்ந்து அவனைப் பார்த்துப் பரிதாபப்படும் ஜனங்களாக ஆகிவிடுகிறோம். ஒரு பார்வையற்றவனுக்கு இதைவிடப் பெரிய துரோகத்தைச் சினிமா செய்ய முடியாது. படம் ஓடாததற்கு வியாபாரிகள் ஆயிரம் காரணம் சொல்லட்டும். எனக்கு இந்த ஒன்று போதும்.

ஆகவே தட்டு தனியாக நிற்கிறதா என்றால், நிற்கிறது. தனியாகத்தான் நிற்கும். படத்தோடு சேர்ந்தால்தான் தள்ளாடுகிறது. ஆனால் பக்தர் இதை வெற்றி என்று கொண்டாடும்போது நான் அவரோடு இல்லை. கானல்வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கோவலன் யாழ் வாங்கிப் பாடுகிறான். இவன் மனதில் வேறொருத்தி என்று மாதவி நினைக்கிறாள். அவள் வாங்கிப் பாடுகிறாள்; இவள் மனதில் வேறொருவன் என்று அவன் எழுந்து போகிறான். அந்தப் பாட்டுகளைத் தனியாகவும் பாடலாம், அவ்வளவு அழகு. ஆனால் பாட்டுகளை எடுத்துவிட்டால் சிலப்பதிகாரத்தில் கோவலன் பிரிந்ததற்குக் காரணமே இல்லாமல் போகும். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பாட்டை எடுத்தால் கதை நிற்குமா? ‘காதல் ஓவிய’த்தில் பாட்டை எடுத்தாலும் படம் விழுகிறது, வைத்தாலும் விழுகிறது. ஐசன்ஸ்டைனின் ‘அலெக்சாந்தர் நெவ்ஸ்கி’ (1938) படத்துக்கு எழுதிய இசையை, மறு வருஷமே பிரகோபியேவ் மேடைக்காகத் திருத்தி அமைக்க வேண்டியிருந்தது. படத்துக்குள் அது அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. ‘காதல் ஓவியம்’ தட்டுக்கு ஒரு திருத்தமும் வேண்டியிருக்கவில்லை. இதைப் படத்தின் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டாகவே நான் படிக்கிறேன்.

தட்டில் குறையே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பூஜை, கோயில், தெய்வம், சலங்கை என்று சொற்கள் ஒரே அலமாரியிலிருந்து திரும்பத் திரும்ப வருகின்றன. உவமை உவமையை ஏறி மிதிக்கிறது. அந்தப் பெண் ஆராதிக்கிறாள், ஆராதிக்கப்படுகிறாள். தனக்கென்று அவள் ஒரு வார்த்தை பேசிய இடம் எனக்குக் கிடைக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் இது கவிதையாகத் தேறாது. ஆனால் நண்பர் தட்டைக் கேட்காமல் பாட்டுப் புத்தகத்துக்கு மார்க் போடுகிறார். மெட்டுக்கு எழுதிய சொல் மெட்டில் இருக்கும்போது என்ன செய்கிறது என்று கேட்காத விமர்சனத்துக்குப் பெயர் பம்மாத்து.

படமே இல்லாத சினிமாப் பாட்டும் உண்டு. 1981-ல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ தட்டில் ஜானகி பாடிய ‘புத்தம் புது காலை’ இருந்தது, படத்தில் இல்லை. கங்கை அமரன் எழுதியது. எந்த நடிகை, எந்த மலை, எந்தப் புடவை என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் காலையை அதற்குக் கொடுத்துக்கொண்டார்கள். நான் கொடுத்தது ஜெயமங்கலத்து வயல்வரப்பை. 2014-ல் ‘மேகா’ என்ற படம் அதை எடுத்துக் காட்சியும் வைத்துக் காட்டியது. என் வரப்பு அசையவில்லை.

1986-ல் இளையராஜா படம் எதுவும் இல்லாமல் ‘ஹவ் டு நேம் இட்’ என்ற தட்டை வெளியிட்டபோது நம் அறிவாளிகள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். இனிமேல் வெட்கப்படாமல் ரசிக்கலாம். நல்ல தட்டுதான். ஆனால் நான்கு வருஷத்துக்கு முன்பே, ஓடாத ஒரு காதல் படத்தின் பெயரில், குழாய் ரேடியோவில், பாதி காற்றில் போக, தனித்து நிற்கும் இசை எங்கள் வயலுக்கு வந்து சேர்ந்திருந்தது. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தோன்றவில்லை.

நண்பருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். படத்தைப் பார்க்க வேண்டாம், பாட்டுப் புத்தகத்தைப் படிக்க வேண்டாம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒரு தடவை கேளுங்கள். அதற்கப்புறம் சண்டை போடுவோம்.