மிட்டாய்க் காசும் அரசுக் காசும்



நோட்டு வாங்க அம்மா தந்த காசில் மிட்டாய் வாங்கினால் சும்மா விடுவாரா? அரசுக்கும் அப்படித்தான்!

பாரதி பூங்கா எதிரே இருக்கிறதே, நம் புதுச்சேரி சட்டப்பேரவை. அது சட்டம் இயற்றி அனுமதிக்காமல் அரசுக் கருவூலத்திலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. 2021 பிப்ரவரியில் ஆட்சி கவிழ்ந்தது. பேரவை இயங்கவில்லை. ஏப்ரலில் சம்பளம் கொடுக்க வேண்டுமே! அதிகாரிகள் தாங்களாகவே பணத்தை எடுத்துவிட முடியுமா? முடியாது. மார்ச்சில் டில்லி நாடாளுமன்றமே நமக்காகச் சட்டம் இயற்றியது.

அனுமதியை மீறிச் செலவிட்டால், தணிக்கைத் துறை அதை அறிக்கையில் எழுதும். அந்த அறிக்கை பேரவையில் வைக்கப்படும். அப்போது உறுப்பினர்கள் கேள்வி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

நீங்கள் வாங்கும் மிட்டாயின் விலையிலும் வரி உண்டு. எனவே, கணக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு, செல்லங்களே!